அம்பத்தூர் லட்சுமியின் கடன்

ஜூன் 4, 2025, புதன்

வீட்டுக் கடனுக்கு மனுக் கொடுத்து ஒன்பது நாள். இன்று மூன்றாம் பீரியட் முடிந்து வெளியே வரும்போது வங்கியிலிருந்து போன். "டீச்சர், கிரெடிட் ஸ்கோர் 612 காட்டுது. பழைய கிரெடிட் கார்டு ஒண்ணு ரைட் ஆஃப் ஆகிக் கெடக்கு. அதை முடிச்சிட்டு வாங்க, ஃபைலை நகத்துறேன்."

கிரெடிட் கார்டை நான் கையால் தொட்டதுகூடக் கிடையாது என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க டீச்சர்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை, ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்.

ஊமச்சிகுளம் பக்கம் பார்த்த வீட்டுக்கு 2 லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. ஆகஸ்ட் கடைசிக்குள் பத்திரம் முடிக்கவேண்டும் என்று அக்ரிமெண்ட்.

ஜூன் 5

ராத்திரி பிள்ளைகள் தூங்கியபிறகு என் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நாட்டில் நான்கு நிறுவனங்கள் இதைத் தருகின்றன. எதில் எடுத்தாலும் மதுரையில் அதற்குப் பெயர் சிபில்தான், எந்த மிஷினில் எடுத்தாலும் ஜெராக்ஸ் என்பதுபோல. வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு நிறுவனமும் முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும், ரிசர்வ் வங்கி உத்தரவு. நான்கையும் எடுத்தேன். இரண்டில் அந்தக் கடன் இருந்தது, இரண்டில் இல்லை.

கணக்கு திறந்தது செப்டம்பர் 2007. வராது என்று வங்கி கைவிட்ட (ரைட் ஆஃப்) தொகை 38,412 ரூபாய். இன்றைய பாக்கி 2,16,905. கடன் கொடுத்தவர் என்ற இடத்தில் வங்கியின் பெயரே இல்லை, நான் கேள்விப்படாத ஒரு கம்பெனி. வீட்டுக்காரர் கூகுளில் தேடி, ஏ.ஆர்.சி., அதாவது வராக்கடனை வாங்கி வசூலிக்கிற கம்பெனி என்றார். வராக்கடன்களை வங்கிகள் மூட்டை மூட்டையாகத் தள்ளுபடி விலைக்கு விற்கின்றன. 2002ஆம் வருஷச் சர்ஃபாசி சட்டத்தில் வந்த ஏற்பாடு. வாங்கியவர்கள் அவர்கள் பெயரில் புதிதாகப் பதிந்துகொண்டே இருப்பதால் 2007ஆம் வருஷத்துப் பிணம் இன்னும் மூச்சு விடுகிறது.

பெயர் லட்சுமி சுப்பிரமணியன். சரி. பிறந்த தேதி 1-6-1983. சரி. பான் எண் என்னுடையதேதான். முகவரிப் பட்டியலில் மூன்றாவதாக அம்பத்தூரில் ஒரு தெரு. நான் சென்னைக்குப் போனதே கல்யாணத்துக்கும் கவுன்சலிங்குக்கும்தான்.

ஜூன் 7, சனி

அம்மா வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், "ஜூன் ஒண்ணா? நீ ஐப்பசி அடைமழையிலல்ல பொறந்த" என்றாள்.

அப்போதுதான் பொறி தட்டியது. தலைக்கு மேலே கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொட வைத்து, தொட்டுவிட்டால் வயதாகிவிட்டது என்று ஹெட்மாஸ்டர் சேர்த்துக்கொண்ட தலைமுறை நாங்கள். பள்ளிக்கூடம் திறக்கும்போது ஐந்து நிறையவேண்டும் என்பதற்காக மே, ஜூனில் ஏதாவது ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார். என்னோடு ஒன்றாம் வகுப்பு படித்தவர்களில் பாதிப் பேருக்கு ஜூனில்தான் பிறந்தநாள்.

இன்னொன்று இனிஷியல். அப்பா பெயர் எனக்கு 'எஸ்' என்ற ஒற்றை எழுத்தாகத்தான் இருந்தது. பான் கார்டுக்கு அப்ளிகேஷன் போட்டபோது 'கடைசிப் பெயர்' கட்டத்தைக் காலியாக விடமுடியவில்லை, எஸ் சுப்பிரமணியன் ஆனது. லட்சுமி, சுப்பிரமணியன், ஜூன் 1: தமிழ்நாட்டில் இப்படி எத்தனை பேர் இருப்போம்! கம்ப்யூட்டருக்கு இரண்டு லட்சுமியும் ஒரே ஆள். இது என் ஊகம்தான். ஆனால் என் பான் கார்டு 2012இல் வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கியது. 2007இல் திறந்த கணக்கில் அது எப்படி வந்து உட்கார்ந்தது? பின்னால் யாரோ பொருத்தியிருக்கிறார்கள்.

ஜூன் 9

இரண்டு நிறுவனங்களிலும் இணையத்திலேயே தகராறு பதிந்தேன். 'தொகை தவறு', 'இந்தக் கணக்கு என்னுடையதல்ல' என்று தனித்தனியாகக் கேட்கிறது. இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும். தொகை தவறு என்று போட்டால் கடன் என்னுடையது, கணக்குத்தான் இடிக்கிறது என்று ஆகிவிடும்.

அவர்கள் 30 நாளில் முடிக்கவேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்குத் தரவேண்டும், 2024 ஏப்ரலிலிருந்து இந்த விதி.

ஜூன் 17

சாயங்காலம் 7:40க்கு வசூல் பையன் ஒருவன் போன். "லட்சுமி மேடம், ஒன் டைம் செட்டில்மெண்ட்ல 45,000 கட்டுங்க, க்ளோஸ் பண்ணிடலாம்." காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7க்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாதே தம்பி என்றேன். தடுமாறிவிட்டான். பிறகு 30,000க்கு இறங்கினான். பேரம் பேசவே இல்லை, அதற்குள் 15,000 குறைந்தது. வாட்ஸப்பில் ஒரு வரி மட்டும் அனுப்பச் சொன்னான்: 'நான் கட்டிவிடுகிறேன்' என்று.

அவருக்குச் சபலம். "அட்வான்ஸ் 2 லட்சம் போறதுக்கு 30,000 கட்டித் தொலைச்சிரலாமே." எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது, பொய் சொல்வானேன்.

வசந்தி டீச்சர் வீட்டுக்காரர் வக்கீல். அவரிடம் போன் போட்டுக் கேட்டேன். "ஒரு பைசா கட்டாதீங்க, ஒரு வரி எழுதாதீங்க. இந்த மாதிரிக் கடனுக்கு வழக்குப் போட மூணு வருஷம்தான் கெடு, 1963 சட்டம். அது எப்பவோ போச்சு. ஆனா கெடு போன கடனையும் 'தர்றேன்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டா அது புது வாக்குறுதி. அப்புறம் ஒங்க கடன்தான்" என்றார். கட்டினாலும் அறிக்கையில் 'செட்டில்டு' என்றுதான் விழுமாம். முழுசாகக் கட்டவில்லை என்பதற்கு நாகரிகமான பெயர். அதைப் பார்த்தாலும் வங்கி முகம் சுளிக்கும்.

ஜூலை 8

இருபத்தொன்பதாவது நாள் பதில். 'கடன் கொடுத்தவர் விவரம் சரியென உறுதி செய்துள்ளார். மாற்றம் இல்லை.' ஒரே வரி, இரண்டு நிறுவனத்திலும். அவர்களாக எதையும் அழிக்கமுடியாதாம், கடன் கொடுத்தவர் தலையாட்டவேண்டும்.

ராத்திரி அழுதேன். இதையும் எழுதிவைக்கிறேன்.

ஜூலை 10

ஏ.ஆர்.சி.யின் குறைதீர் அதிகாரிக்கு மெயிலும் பதிவுத் தபாலும். கடன் இல்லை என்று வாதாடவே இல்லை, காகிதம் கேட்டேன். 2007இல் கையெழுத்திட்ட விண்ணப்பம், கூடக் கொடுத்த அடையாளச் சான்று, கார்டு டெலிவரியான முகவரி, வங்கியிடமிருந்து வாங்கிய ஒப்பந்தத்தில் இந்தக் கணக்கு இருக்கும் பக்கம், என் பான் எண்ணை என்றைக்கு எந்த ஆதாரத்தில் சேர்த்தீர்கள் என்பது. என் பக்கம் பி.எட். மதிப்பெண் பட்டியல், 2007-08 ஹாஸ்டல் ரசீது (அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள், தெய்வம்), பான் கார்டு வழங்கிய தேதி.

அறிக்கை நிறுவனங்களுக்கும் அதையே புகாராக அனுப்பினேன். 30 நாளில் சரியாகாவிட்டால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்). அறிக்கை நிறுவனங்கள் 2022 செப்டம்பரிலிருந்து அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. மனுவை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

இருபத்தேழாவது நாள். 'ஆவணங்களைச் சரிபார்த்ததில் மேற்படி கணக்கு தங்களுடையதல்ல எனத் தெரிகிறது. உரிய வாடிக்கையாளருடன் இணைக்கப்படும்.' வருத்தம் என்ற சொல் எங்கும் இல்லை. விண்ணப்பத்தை அவர்கள் முதல்முறையே எடுத்துப் பார்த்திருந்தால் ஜூலை 8 என்ற நாள் எனக்கு வந்திருக்காது.

ஆகஸ்ட் 19

ஜனவரியிலிருந்து பதினைந்து நாளுக்கொரு முறை விவரம் புதுப்பிக்கவேண்டுமாம். அதனால் திருத்தம் சீக்கிரம் வந்தது. இரண்டு அறிக்கையிலும் அந்தக் கணக்கு இல்லை. ஸ்கோர் 768. வங்கிக்காரர், "சொன்னேன்ல டீச்சர், முடிச்சிட்டு வாங்கன்னு" என்றார். விளக்கப் போகவில்லை.

அம்பத்தூர் முகவரி மட்டும் இன்னும் மூன்றாவது வரியில் நிற்கிறது. அதற்குத் தனியாக ஒரு தகராறு போடவேண்டும். தெருப் பெயர், வீட்டு எண் எல்லாம் இரண்டு மாதத்தில் மனப்பாடமாகிவிட்டது. இருபத்துநாலு வயதில் கார்டு வாங்கியிருக்கிறாள். என்ன வாங்கினாளோ, எதனால் கட்டமுடியாமல் போனதோ. 38,412 ரூபாய். இனிமேல் அந்தப் பையன் அவளைக் கூப்பிடுவான். 45,000இல் ஆரம்பிப்பான்.

நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன், வங்கியில் கையெழுத்து. வெள்ளிக்கிழமை பத்திரம்.