இரண்டு கார்டு இடைவெளி

போன மாதம் முழுக்க என் உள்ளங்கை கறுப்பாகவே இருந்தது. பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் எங்கள் தொழிற்சாலைக்குள் போக வெள்ளை அங்கி மாட்ட வேண்டும். நான் பொத்தான் போட்ட இடமெல்லாம் கரி விரல் தடம். "என்னப்பா, காலையிலேயே டயர் மாத்திட்டு வர்றியா?" என்று லைனில் நிற்கும் அக்கா கேட்ட பிறகுதான் மோட்டார் சைக்கிளை ஒழுங்காகப் பார்த்தேன். ஹேண்டிலில் கை பிடிக்கும் கிரிப் ரப்பர் இளகி, வெல்லப்பாகு மாதிரி ஒட்டியது.

என்னுடையது பழைய யமஹா எல்சி 135. நாலு கியர், கிளட்ச் பிடி கிடையாது. பகலெல்லாம் வேலையிடத்தில் வெயிலில் காயும், போகும்போதும் வரும்போதும் என் வியர்வையைக் குடிக்கும். வருஷக்கணக்காக இப்படி இருந்தால் ரப்பரை மெத்தென்று வைத்திருக்கும் சரக்கு மேலே கசிந்து வந்துவிடும். துடைக்கத் துடைக்க வரும். நான் கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில் இருக்கிறேன். தினமும் பினாங்குப் பாலம், 13.5 கிலோமீட்டர். கடல் காற்று தள்ளும்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் முடியாது. அந்தப் பிசுக்கோடு இனி ஆகாது என்று முடிவு செய்தேன்.

மோட்டார் கடையில் புது கிரிப் ஒரு ஜோடி 18 வெள்ளி (ரிங்கிட்). "கொண்டு வா, காத்து அடிச்சா அரை நிமிஷம், காசு வேணாம்" என்றார் கடை முதலாளி தவுக்கே. கம்ப்ரஸர் காற்றை ரப்பருக்கு அடியில் விட்டால் அது உப்பிக்கொண்டு தானே கழன்றுவிடும். நான்தான் பெரிய மெக்கானிக் மாதிரி, வீட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்று பையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு உட்கார்ந்தேன். அதிர்வைக் குறைக்க ஹேண்டில் முனையில் இருக்கும் இரும்புக் கட்டிகளை முதலில் கழற்றினேன். இடது பக்கம் சுலபம். பிளேடால் நீளவாக்கில் ஒரு கீறல், வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது. வலது பக்கம் அப்படிக் கீறக்கூடாது. ரப்பருக்கு அடியில் இருப்பது பிளாஸ்டிக் குழாய். நாம் முறுக்கும்போது அந்தக் குழாய்தான் திரும்பி த்ரோட்டல் கேபிளை இழுக்கிறது. அதில் பிளேடு இறங்கினால் 18 வெள்ளி வேலை எங்கேயோ போய்விடும். அதனால் போன வாரம் மிஞ்சிய, சாத்தே இறைச்சி கோக்கும் குச்சி ஒன்றை ரப்பருக்குள் நுழைத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மூங்கில் குச்சி என்பதால் கீறாது. சுற்றிச் சுற்றி ஓட்டியதும் கால் மணி நேரத்தில் முழுசாக வந்தது.

புதுசைப் போடுவதில்தான் மாட்டிக்கொண்டேன். வலது பக்கம் எவ்வளவு அழுத்தியும் பாதிக்கு மேல் ஏறவில்லை. பக்கத்தில் இருந்த மகள் மற்றொன்றை எடுத்து விரலை விட்டுப் பார்த்து, "ப்பா, ரெண்டும் ஒரே ஓட்டை இல்ல" என்றாள். சரிதான். இடது பக்கம் ரப்பர் நேராக 22 மில்லிமீட்டர் இரும்பில் ஏறுகிறது. வலது பக்கம் அந்தப் பிளாஸ்டிக் குழாய் மேல் ஏற வேண்டும், ஆக ஓட்டை பெரிசு. ஏழு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

நழுவிப் போகட்டும் என்று டபிள்யூடி 40 டப்பாவை நோக்கிக் கை போனது. நல்லவேளை, எடுக்கவில்லை. எண்ணெய் லேசில் காயாது, ஓடும்போது கிரிப் கையோடு சேர்ந்து சுழலும். அப்புறம் மகளின் பள்ளி நடனத்துக்கு வாங்கிய ஹேர் ஸ்ப்ரேதான் கைகொடுத்தது. ஈரமாக இருக்கும்போது வழுக்கும், காய்ந்தால் பசை. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு உள்ளே அடித்து ஒரே மூச்சில் தள்ளினேன். கடைசி வரை, ஸ்விட்ச் பெட்டியில் இடிக்கும் வரை தள்ளி, 'ஆஹா, என்ன கச்சிதம்' என்று முனைக் கட்டியையும் முறுக்கிவிட்டேன்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து லேசாக முறுக்கி விட்டேன். கை எடுத்த பிறகும் எஞ்சின் இறங்கவில்லை, அலறிக்கொண்டே நின்றது. சமையலறையிலிருந்து மனைவி ஓடி வருவதற்குள் சாவியைத் திருப்பி அணைத்தேன். கிரிப்பின் விளிம்பு ஸ்விட்ச் பெட்டியில் உரசி, த்ரோட்டலைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இதே வேலை நடுப்பாலத்தில் நடந்திருந்தால்? அன்று இரவு இரண்டு தடவை அதை நினைத்து விழித்தேன்.

பசை காய்வதற்குள் கிரிப்பை வெளியே இழுத்தேன். எவ்வளவு இடைவெளி விடுவது? பர்ஸில் டச் அண்ட் கோ கார்டு இருந்தது. 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து பாலத்தில் மோட்டாருக்கு டோல் கிடையாது, அதனால் சும்மா தூங்கும் கார்டு. அதையும் மனைவியுடையதையும் ஒன்றாக வைத்து, ஸ்விட்ச் பெட்டிக்கும் கிரிப்புக்கும் நடுவில் சொருகினேன். முனைக் கட்டிப் பக்கமும் அதே அளவு. எஞ்சினைப் போடாமல் முறுக்கி விட்டால் 'டக்' என்று தானாகத் திரும்பியது. ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் ஒடித்து ஒரு தடவை, முழுக்க வலது பக்கம் ஒடித்து ஒரு தடவை. மூன்று நிலையிலும் அதே 'டக்'.

ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுநாள் காலைப் பொழுது வேலைக்குப் பாலம் ஏறினேன். கிரிப் இம்மியும் அசையவில்லை. அங்கியும் வெள்ளையாகவே இருந்தது. தொழிற்சாலையில் மோட்டாரை நிறுத்தும்போதுதான் பார்த்தேன், இடது கிரிப்பில் கம்பெனி எழுத்து தலைகீழாக நிற்கிறது. திருப்பிப் பார்த்தேன். ஹேர் ஸ்ப்ரே அவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கிறது.

தவுக்கே கடையைத் தாண்டும்போது மட்டும் இடது கையை எடுப்பதில்லை.