அலுமாரியின் மேல்தட்டில் என் வலைத்தளம்

இந்தப் பக்கம் உங்களுக்கு வருவது திருகோணமலை, திருக்கடலூரில் எங்கள் வீட்டு நடு அறையிலிருந்து. அங்கே அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய மடிக்கணினி இருக்கிறது. திரையின் குறுக்கே ஒரு வெடிப்பு, எட்டு ஜிபி நினைவகம், உள்ளே டெபியன் லினக்ஸ் இயங்குதளம். விசைப்பலகையில் மூன்று விசைகள் வேலை செய்யாது. தளத்தை நடத்த அவை தேவையும் இல்லை.

நான் பகலில் பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறேன். 2014 முதல் எங்கள் கரையின் சொற்களைச் சேர்த்து எழுதி வருகிறேன். காற்றுக்கு எத்தனை பெயர், கரைவலையின் எந்தப் பகுதிக்கு என்ன பெயர், எந்த மீனை எந்த வீட்டில் எப்படி அழைக்கிறார்கள் என்பதெல்லாம். மாமா சொல்லச் சொல்ல எழுதியவை பாதிக்கு மேல். அவர் முப்பது வருடத்துக்கு மேலாகக் கரைவலை இழுத்தவர்.

முதல் ஏழு வருடங்கள் அந்த எழுத்துகள் ஓர் இலவசச் சேவையில் இருந்தன. 2021-ல் அந்தச் சேவையை மூடினார்கள். முன்னறிவிப்பு மின்னஞ்சல் நான் திறக்காமல் விட்டிருந்த பழைய முகவரிக்குப் போயிருந்தது. எனக்குத் தெரிய வந்தபோது முகப்பே இல்லை. பழைய வலைப்பக்கங்களின் பிரதிகளைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடி 112 பதிவுகளில் 71-ஐ மீட்டேன். படங்களில் மிகச் சிலவே கிடைத்தன. மற்ற நாற்பத்தொன்றையும் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடி கேட்டு எழுதலாம் என்று தொடங்கினேன். சிலவற்றை அவரே மறந்துவிட்டார். அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்: இனி என் எழுத்தின் மூலப்பிரதி என் கைக்கு எட்டும் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே கணினியில் நேரடியாக நிறுவுவது பழைய வழி. வலை வழங்கி, பிஎச்பி நிரல்மொழி, தரவுத்தளம் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, ஒன்றைப் புதுப்பிக்கும்போது மற்றொன்று உடைந்தால் இரவு முழுவதும் தேடிக்கொண்டிருக்க வேண்டும். 2013-ல் வெளிவந்த டொக்கர் இந்த வேலையைக் கொள்கலன்களாகப் பிரித்துத் தருகிறது. ஒரு மென்பொருள், அதற்கு வேண்டிய நூலகங்கள், அமைப்புகள் எல்லாம் ஒரே பொதியாக வரும். அந்தப் பொதியைப் படிமம் என்கிறார்கள். படிமத்தை இயக்கினால் கொள்கலன். வேண்டாமென்றால் அழித்துவிட்டு அதே படிமத்திலிருந்து இன்னொன்றை எழுப்பலாம்.

கொள்கலன் என்றால் என்னவென்று மாமா கேட்டபோது, மீனவர்கள் கரையில் போடும் குடிசையான வாடியை வைத்துத்தான் என்னால் விளக்க முடிந்தது. நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் பருவம் தொடங்கியதும் கம்பும் கிடுகும் வைத்து வாடி போடுவார்கள். வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்ததும் பிரித்துவிடுவார்கள். அடுத்த பருவத்தில் வேறு கம்பு, வேறு கிடுகு, அதே இடத்தில் வேறு வாடி. அதற்காக வலையையும் வள்ளத்தையும் வாடியோடு விட்டுவிட்டு யாரும் போவதில்லை.

“அப்படியென்றால் உன் வலை எங்கே இருக்கிறது, பிள்ளை?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் சரியான பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் அது எனக்கே தெரிய வந்தது.

என் தளம் வேர்ட்பிரஸ் என்ற வலைப்பதிவு மென்பொருளில் ஓடுகிறது. கோஸ்ட் என்ற இன்னொன்று எடை குறைந்தது, அழகானது. ஆனால் மீட்ட பதிவுகளை முதலில் வேர்ட்பிரஸ்ஸில்தான் சேர்த்து வைத்திருந்தேன். தமிழ் இடைமுகமும் அதில் உண்டு. எந்தெந்தக் கொள்கலன் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் டொக்கர் கம்போஸ் கோப்பு ஒன்றில் முப்பது வரிக்குள் எல்லாம் எழுதியாயிற்று. வேர்ட்பிரஸ்ஸுக்கு ஒரு கொள்கலன், மரியாடிபி தரவுத்தளத்துக்கு ஒன்று, வாசலில் நின்று மறையாக்கத்தைக் கவனிக்கும் கேடி என்ற வலை வழங்கிக்கு ஒன்று. ஒரே கட்டளையில் மூன்றும் எழுந்தன. மூன்று புதிய பதிவுகளும் எழுதினேன்.

பிறகு ஒரு நாள் ஏதோ ஓர் அமைப்பை மாற்றுவதற்காக, கொள்கலன்களை இறக்கும் ‘டவுன்’ கட்டளையைக் கொடுத்து, மறுபடி எழுப்பும் ‘அப்’ கட்டளையைக் கொடுத்தேன். தளத்தைத் திறந்தால், எந்த மொழி வேண்டும் என்று வேர்ட்பிரஸ் கேட்கிறது. புத்தம் புதிதாக நிறுவும்போது வரும் முதல் பக்கம் அது. 71 பதிவுகளும் இல்லை. புதிய மூன்றும் இல்லை. 2021-ல் வயிற்றில் விழுந்த அதே கல் மறுபடி விழுந்தது.

நடந்தது இதுதான். தரவு எங்கே இருக்க வேண்டும் என்று நான் கோப்பில் எழுதவில்லை. அப்படி எழுதாவிட்டால் மரியாடிபி படிமமும் வேர்ட்பிரஸ் படிமமும் தாங்களாகவே பெயரில்லாத சேமிப்பகம் ஒன்றை உருவாக்கிக்கொள்கின்றன. ‘டவுன்’ கொடுத்தால் கொள்கலன்கள் அழிகின்றன. ‘அப்’ கொடுத்தால் புதிய கொள்கலன்கள் புதிய பெயரில்லாச் சேமிப்பகங்களோடு எழுகின்றன. பழைய சேமிப்பகம் அழியவில்லை, ஆனால் அதை யாரும் தொடுவதும் இல்லை. வட்டில் இடம் குறைகிறதே என்று சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுத்திருந்தால், முதலில் போயிருப்பது இந்தப் பெயரில்லாதவைதான். நல்லவேளை, அன்றைக்கு நான் எதையும் சுத்தம் செய்யவில்லை.

சேமிப்பகங்களின் பட்டியலை எடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் 64 எழுத்து நீளத்தில், எண்ணும் எழுத்தும் கலந்த ஓர் அடையாளம். கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்து, என்னுடையவை எவை என்று கண்டுபிடித்தேன். இரவு ஒன்றரை மணிக்கு 74 பதிவுகளும் திரும்பி வந்தன. அம்மா எழுந்து வந்து தேநீர் வைத்துத் தந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

இப்போது எங்கள் வீட்டுக் கணினியில் ‘வலை’ என்றொரு கோப்புறை இருக்கிறது. தரவுத்தளம், படங்கள், கேடியின் சான்றிதழ்கள், கம்போஸ் கோப்பு எல்லாம் அதற்குள். கொள்கலன்கள் அந்தக் கோப்புறையைப் பார்த்தபடி ஓடுகின்றன. கொள்கலன்கள் மூன்றையும் நான் இப்போதே அழித்தாலும் ஓர் எழுத்துக்கூடக் குறையாது. இதுபோல் ஏதாவது தொடங்குகிறவர்களை நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றே: முதல் பதிவை எழுதும் முன்பே ‘டவுன்’ கொடுத்து மறுபடி ‘அப்’ கொடுத்துப் பாருங்கள். ஏதாவது காணாமல் போகுமென்றால் அன்றைக்கே போகட்டும். படிமங்களின் பெயரோடு பதிப்பு எண்ணையும் எழுதிவிடுங்கள். ‘லேட்டஸ்ட்’ என்று விட்டால், ஒரு நாள் படிமங்களைப் புதிதாக இறக்கும்போது, நீங்கள் கேட்காமலே தரவுத்தளம் அடுத்த பெரிய பதிப்புக்குத் தாவிவிடும்.

தளத்தை இணையத்தில் எல்லோருக்கும் தெரிய வைப்பது வேறு கதை. எங்கள் வீட்டு ரவுட்டருக்குக் கிடைக்கும் ஐபி முகவரி 100.64 என்று தொடங்குகிறது. பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012-ல் ஒதுக்கிய தொகுதி அது. உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியிலிருந்து எங்கள் கதவை யாரும் தட்ட முடியாது. எனவே சிங்கப்பூரில் மிகச் சிறிய மெய்நிகர் வழங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். வீட்டுக் கணினி அதை நோக்கி வயர்கார்ட் என்ற மென்பொருளால் மறையாக்கிய இணைப்பான ஒரு சுரங்கத்தைத் தானே திறந்து வைத்துக்கொள்கிறது. 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சிறு பொட்டலம் அனுப்பி, அது அடைபடாமல் பார்த்துக்கொள்கிறது. வாசகர் சிங்கப்பூரின் கதவைத் தட்டுகிறார். அந்தத் தட்டல் அப்படியே சுரங்கம் வழியாகத் திருக்கடலூருக்கு வருகிறது. மறையாக்கத்தை அவிழ்ப்பது வீட்டில்தான். சாவியும் வீட்டில்தான்.

உப்புவெளியில் இருக்கும் ஒருவர் என் பதிவை வாசிக்க, அது சிங்கப்பூர் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. இது எப்படி வீட்டில் வைத்திருப்பதாகும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வாடகைக்கு எடுத்திருப்பது வாசலை மட்டும். அந்த நிறுவனம் நாளைக்கே மூடினாலும் என் எழுத்து அசையாது. வேறொரு வாசலைத் தேடுவேன், அவ்வளவுதான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘கரைவலை இழுப்போர் பாடும் அம்பா’ என்று ஒரு பதிவு எழுதினேன். அம்பா என்பது வலை இழுக்கும்போது எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டு. வேர்ட்பிரஸ் தலைப்பிலிருந்தே பதிவின் வலை முகவரியை உருவாக்குகிறது. உருவான முகவரியைப் பார்த்தால் ‘கரைவலை இழுப்போர் பாடும்’ என்பதோடு நிற்கிறது. பதிவுக்கு உயிரான சொல்லே இல்லை. மூன்று முறை அழித்து எழுதினேன், மூன்று முறையும் அதே இடத்தில் வெட்டியது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். யூனிகோடில் ‘டு’ என்பது இரண்டு குறிகள்: டகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎப்-8 என்ற குறியாக்க முறையில் மூன்று பைட்டு. வேர்ட்பிரஸ் முகவரியைச் சேமிக்கும்போது ஒவ்வொரு பைட்டையும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துமாக மாற்றுகிறது. ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். முகவரிக்கு அது ஒதுக்கியிருப்பது 200 இடம். முதல் மூன்று சொற்களிலும் 21 குறிகள், அவற்றுக்கு 189 இடம். இடைவெளிகளுக்கு மூன்று. 192 ஆயிற்று. ‘அ’வுக்கு ஒன்பது சேர்த்தால் 201. ஒரே ஓர் இடம் போதாமல் அம்பா கரைக்கு வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் 200 எழுத்து முகவரியை வாழ்நாளில் தொடமாட்டார். நமக்கு 22 குறியோடு முடிந்துவிடுகிறது. இப்போது முகவரியை நானே தட்டுகிறேன், பதிவின் மையச் சொல் ஒன்றை மட்டும். ‘அம்பா’வுக்கு 45 இடம் போதும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவிடு என்று பலர் சொன்னார்கள். சொற்களைக் காப்பாற்றத்தான் இந்தத் தளம். அதன் முகவரியில் சொல்லை மாற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

மின்சாரத்தைப் பற்றிப் பயந்த அளவுக்குச் சிக்கல் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தைப் பார்த்துவிட்டோம். அந்த வருடம் ரவுட்டருக்காக வாங்கிய 12 வோல்ட் சிறு யுபிஎஸ் இன்னும் வேலை செய்கிறது. மடிக்கணினிக்கு அதன் மின்கலமே போதும். அளவியில் பார்த்தால் அது சராசரியாக 12 வாட் எடுக்கிறது. மாதத்துக்கு ஒன்பது யூனிட்கூட இல்லை. மின்கலத்தை எப்போதும் நூறு வீதத்தில் வைத்திருந்தால் இந்த வெக்கையில் வீங்கக்கூடும். அதனால் எண்பதில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

காற்றுதான் பெரிய எதிரி. வாடைக் காலத்தில் கடற்பக்க யன்னலைத் திறந்தால் மேசையில் விரல் வைத்த இடமெல்லாம் உப்பு ஒட்டும். முதலில் கணினியை யன்னலோரம் வைத்திருந்தேன். நான்கே மாதத்தில் யுஎஸ்பி துளைகளில் பச்சை படர்ந்தது. அதனால்தான் நடு அறை, அலுமாரியின் மேல்தட்டு. தூசு விழுமே என்று ஒரு நாள் அம்மா மூடியை மூடி, மேலே துணியும் போட்டுவிட்டார். கணினி உறங்கிவிட்டது, தளமும் ஓர் இரவு முழுவதும் உறங்கியது. மூடியை மூடினாலும் உறங்காதபடி அமைப்பை மாற்றினேன். துணியை மட்டும் எடுத்துவிடச் சொன்னேன், வெப்பம் வெளியேற வேண்டுமே.

கடலிலிருந்து எங்கள் வீடு முந்நூறு மீட்டர்கூட இல்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்மாவின் கல்யாணப் படங்கள் இருந்த பெட்டி போய்விட்டது. எனவே பிரதி வேறெங்காவது இருக்க வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒவ்வோர் இரவும் இரண்டரை மணிக்குத் தரவுத்தளத்தின் முழு நகல் எடுக்கப்படுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பாதியில் எழுதியது பாதியிலேயே நிற்கும். அதனால் அதற்கென்றே உள்ள கட்டளையால் எடுக்கிறேன். பிறகு ரெஸ்டிக் என்ற நகலெடுப்பு மென்பொருள் அதைப் படங்களோடு சேர்த்து மறையாக்கி, ஹட்டனில் தங்கை வீட்டில் இருக்கும் வட்டுக்கு அனுப்புகிறது. கடல் எட்டாத உயரம் அது.

நகல் இருக்கிறது என்பது மட்டும் எனக்குப் போதாது. பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் பாடசாலை இல்லை. ஒவ்வொரு போயாவிலும் தங்கையின் வட்டிலிருந்து அந்த நகலை இறக்கி, வேறொரு கணினியில் முழுத் தளத்தையும் எழுப்பிப் பார்க்கிறேன். முதல் முறை மூன்று மணி நேரம் ஆனது. எழுத்தெல்லாம் குழம்பி, தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’க்களாக வந்தன. தமிழ் எழுத்து ஒவ்வொன்றின் முதல் பைட்டும் ஒன்றே. குறிமுறை தவறினால் அது அந்த ஏகாரமாகத் தெரியும். நகலெடுக்கும் கட்டளையில் எழுத்துத் தொகுதியைக் குறிப்பிட்டதும் சரியானது. போன போயாவில் இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது.

அன்றைக்கு மாமாவும் வந்திருந்தார். புதிதாக எழுப்பிய தளத்தில் அம்பாப் பதிவைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மெதுவாக வாசித்தார். இரண்டாவது அடியில் ஒரு சொல் பிழை என்றார். எங்கள் கரையில் அப்படிப் பாடுவதில்லையாம். பாடியும் காட்டினார். திருத்திவிட்டேன். அன்று இரவு இரண்டரை மணிக்கு அது ஹட்டனுக்கும் போய்ச் சேர்ந்தது.