அறுபதில் தெரியாததற்குக் காசு எதற்கு?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிய ஐந்தரை மணிக்கு, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் ஒரு லம்போகினி ஹுராகான் வந்து நின்றது. சித்தப்பாவின் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மகனுடைய கார். சின்ன வயதிலிருந்து அண்ணா என்று கூப்பிட்டுப் பழகியவர் என்பதால், "வாடாப்பா, காலி மட்டும் ஒருக்காப் போட்டு வருவம்" என்று முதல் நாள் இரவே சொல்லியிருந்தார். எனக்கு அன்றிரவு நித்திரையே வரவில்லை.

கார் பற்றி ஓயாமல் கதைக்கிறவன் என்பதால் என்னிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இவ்வளவு காசு கொடுத்து இப்படி ஒரு சூப்பர்காரை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறதா? படித்ததையும் பார்த்ததையும் வைத்துத்தான் இதுவரை பதில் சொல்லி வந்தேன். இப்போது உள்ளே இருந்து பார்த்துவிட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த ஒழுங்கையை விட்டு வெளியே வந்த கதை. எங்கள் முனையில் ஒரு வேகத்தடை இருக்கிறது, ஓட்டோக்காரர்கள் வேகம் குறைக்காமலே பாய்ந்து போகிற சின்னத் தடை. அதற்கு முன்னால் அண்ணா காரை நிறுத்தி, ஒரு பொத்தானை அழுத்தி மூக்கை உயர்த்தி, பிறகும் நேராக ஏறாமல் சரிவாக ஒவ்வொரு சில்லாக ஏற்றினார். பக்கத்து அடுக்குமாடியின் காவலாளி ஐயா தானாகவே வந்து குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்து, கையால் "வரலாம், வரலாம்" என்று காட்டினார். அந்தத் தடையைக் கடக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தது.

அப்புறம் காலி வீதி, அங்கே ஐம்பதுக்கு மேல் போக முடியாது, சட்டமும் விடாது. கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறினோம். ரிக்கட் எடுத்துக்கொண்டு தடுப்பைத் தாண்டியதும் அண்ணா மிதித்தார். நூறை எட்ட 3.2 செக்கன் என்று எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன், ஆனால் வாசிப்பது வேறு, நெஞ்சில் ஒருவர் கைவைத்து இருக்கையோடு அழுத்துவது போல உணர்வது வேறு. சரி, நூறு வந்துவிட்டது. இரண்டாவது கியரிலேயே வந்துவிட்டது. இலங்கையின் அதிவேகப் பாதைகளில் உச்ச வேகம் மணிக்கு 100 கிலோமீற்றர், ஆகவே மிச்சம் இருந்த ஐந்து கியரும் எரிபொருளை மிச்சம் பிடிக்க மட்டும்தான். காலி நகரம் வரைக்கும் நூறிலேயே போனோம். பக்கத்து வரிசையில் ஒரு சின்ன டொயோட்டா விட்ஸ் நீண்ட நேரம் எங்களோடு சரிசமமாக வந்தது. பின்கண்ணாடியால் ஒரு பிள்ளை கை காட்டிக்கொண்டே இருந்தது, நானும் காட்டினேன்.

காசு எங்கே போகிறது என்று விளங்க வேண்டுமென்றால் காற்றைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வேகம் இரட்டிப்பானால் காற்றைத் தள்ளத் தேவையான வலு எட்டு மடங்காகும். 200இல் ஓடுகிற காரை 400இல் ஓட வைக்க இரண்டு மடங்கு எஞ்சின் போதாது. புகாட்டி வேரோன் என்ற கார் 2005இல் வந்தபோது 8 லீற்றர், 16 சிலிண்டர், நான்கு டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊட்டுகிற கருவி), 1001 குதிரை வலு, உச்ச வேகம் 407. அவ்வளவு பெற்றோல் எரிந்தால் பெரும் பகுதி வெப்பமாகத்தான் வெளியே வரும், அதை ஆற்ற 10 ரேடியேட்டர் வைத்தார்கள். முழு வேகத்தில் ஓடினால் டயர் தாங்குவது கால் மணித்தியாலம், ஆனால் 100 லீற்றர் தாங்கி அதற்கு முன்பே, ஏறத்தாழ 12 நிமிடத்தில், காலியாகிவிடும். பொறியியலாக எனக்கு இது பெரும் மரியாதைக்குரிய வேலை. ஆனால் அந்தக் காரின் விலையில் பெரும் பங்கு, வாங்கியவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஒருநாளும் போகாத அந்தக் கடைசி வேகத்துக்கான விலை.

காலியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஓர் அளவுகோல் பிடிபட்டது: மணிக்கு 60இல் கைக்கும் காலுக்கும் காதுக்கும் தெரிகிறதா? தெரிந்தால் அதற்குக் காசு கொடுக்கலாம், தெரியாவிட்டால் கொடுக்கக் கூடாது. கொழும்பில் இருக்கிற நமக்கு அறுபது என்பதே பெரிய வேகம்.

இதை வைத்துப் பார்த்தால் ஹுராகானில் முழுக் காசுக்கும் பெறுமதியான ஒன்று இருக்கிறது, அதன் எஞ்சின். 5.2 லீற்றர், பத்து சிலிண்டர், டர்போ கிடையாது, நிமிடத்துக்கு 8,000 சுற்றைத் தாண்டிப் பாடும். விடியற்காலை கொள்ளுப்பிட்டியில் இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள், கண்ணாடியை இறக்கிவிட்டு அண்ணா ஒரு கியர் குறைத்தபோது வந்த சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது, எனக்குக் கையில் மயிர் சிலிர்த்தது. அப்போது வேகம் நாற்பதுகூட இல்லை. காலைத் தொட்ட அளவுக்கு எஞ்சின் உடனே பதில் சொல்கிற விதமும் அப்படித்தான். இதெல்லாம் உண்மை, காசு பெறும்.

ஆனால் அதே எஞ்சினும் அதே அடித்தளமும்தான் ஆவ்டி ஆர்8 காரிலும் இருந்தன, அதுவோ கணிசமாக மலிவு. மேலே கொடுக்கிற காசு உருவத்துக்கும் பெயருக்கும் போகிறது. உருவம் வடிவுதான், அதை மறுக்கவில்லை. இப்போது இரண்டின் உற்பத்தியும் நின்றுவிட்டது, ஹுராகானுக்குப் பதிலாக வந்த டெமெராரியோவில் இரட்டை டர்போ எட்டு சிலிண்டரும் மின்மோட்டர்களும். வலுவில் பழையதை எங்கேயோ விட்டுவிட்டது, ஆனால் டர்போ இல்லாத அந்தப் பத்து சிலிண்டர் குரல் அதோடு முடிந்தது, எனக்கு அது பெரிய இழப்பு.

இன்னொரு உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மெக்லாரன் எஃப்1 என்ற வீதிக் காரை வடிவமைத்த கோர்டன் மரே, பெராரி, போர்ஷே, லம்போகினி எல்லாவற்றையும் அளவுகோலாக வைத்திருந்தவர், 1990இல் வந்த ஹொண்டா என்எஸ்எக்ஸ் காரை ஓட்டிப் பார்த்ததும் மற்றவை மனதிலிருந்தே போய்விட்டன என்று எழுதியிருக்கிறார். மூன்று லீற்றர், ஆறு சிலிண்டர், அலுமினிய உடல், ஓட்டுகிறவருக்குச் சுற்றிலும் நல்ல பார்வை, நம்பகம். எந்தச் சந்திக்குள்ளும் பயமில்லாமல் ஓட்டலாம். அந்த என்எஸ்எக்ஸைப் பார்த்து அவர் செய்த எஃப்1 பிறகு 386 கிலோமீற்றர் வேகம் எட்டியது. 2021இல் அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டின் எஃப்1 ஒன்று 2 கோடி டொலருக்கு மேல் ஏலம் போனது. இது முதலீடு, விலை ஏறும் என்று சொல்கிறவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். அந்தக் கார் 26 வருடத்தில் ஓடிய தூரம் 400 கிலோமீற்றர்கூட இல்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு வழிப் பயணம், அவ்வளவுதான். எனக்கு அதை நினைக்க உண்மையிலேயே கவலையாக இருக்கிறது, அதற்குள் அவ்வளவு மூளையும் உழைப்பும் போயிருக்கின்றன.

இங்கே கணக்கு இன்னும் கடினம். 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, அதுவும் சுங்க வரி, அதன் மேல் மேலதிக வரி, எஞ்சின் கொள்ளளவுக்கு ஏற்ப ஏறுகிற உற்பத்தி வரி, சொகுசு வரி, எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி). எஞ்சின் பெருக்கப் பெருக்க ஒவ்வொரு கனசென்டிமீற்றருக்குமான விகிதமும் ஏறும். ஒரு விட்ஸ் வாங்கவே லீசிங் போட்டு வருடக்கணக்காகக் கட்டுகிற ஊர் இது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் குறியீடு காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் நின்றதையும் யாரும் மறக்கவில்லை.

வாங்கின பிறகும் முடிவதில்லை. அண்ணாவின் காரின் முன் டயரில் ரிம்முக்கும் றோட்டுக்கும் இடையில் இருக்கிற ரப்பர் நாலு விரல் உயரம்தான். போன வருடம் மழை வெள்ளத்துக்குள் தெரியாமல் கிடந்த ஒரு வடிகால் பள்ளத்தில் விழுந்து ரிம் வளைந்து டயர் வெடித்தது. எங்கள் சித்தப்பா முப்பது வருடத்துக்கு மேல் பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை நடத்தியவர், அங்கே இல்லாத சாமான் இல்லை என்பார்கள், ஆனால் அந்தச் சில்லு அங்கேயும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும்வரை கார் ஏழு வாரம் ஜாக்கியின் மேல் நின்றது. வெறும் வேகம்தான் வேண்டுமென்றால் டெஸ்லா மொடல் எஸ் பிளெய்ட் மாதிரி நாலு கதவு மின்காரே இரண்டு செக்கனை ஒட்டிய நேரத்தில் நூறைத் தொடுகிறது, அந்தப் போட்டியில் பெற்றோல் சூப்பர்கார் தோற்று விட்டது.

என்னைக் கேட்டால், காசு இருக்கிறவர் பழைய என்எஸ்எக்ஸ் அல்லது ஆர்8 அளவோடு நிற்கலாம், அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு சதமும் 60இல் தெரியாத விஷயத்துக்குப் போகிறது. அண்ணாவிடம் இதை நேராகவே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நீ சொல்லுறது சரி, ஆனா நான் லம்போகினியைத்தான் சின்ன வயசில சுவரில ஒட்டி வச்சிருந்தனான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, அவர் மழை பெய்யாத ஒவ்வொரு ஞாயிறும் அதை ஓட்டுகிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தபோது சித்தப்பா சாரத்தோடு வாசலில் நின்றார். முழங்கால் வருத்தம், உள்ளே ஏறி இருக்க அவரால் முடியாது. காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், பின்கண்ணாடி வழியாகத் தெரிந்த எஞ்சினைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். அண்ணா எஞ்சினை நிறுத்தியதும் நிமிர்ந்து, "தம்பி, இன்னொருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கோ, நான் கேக்கோணும்" என்றார்.