'காணப்படவில்லை' என்ற ரிப்போர்ட்டை நம்பிவிடாதீர்கள்

எனக்கு வெள்ளைப்படுதல் மஞ்சளாக, நுரையோடு, துர்நாற்றத்தோடு வந்ததைப் பார்த்ததுமே, உடலுறவு மூலம் பரவும் டிரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணியாக இருக்கலாம் என்று டாக்டர் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். தனியார் பரிசோதனைக் கூடத்தில் சீட்டை வாங்கிய பெண், காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி, "பால்வினை நோய் டெஸ்டா? கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டார். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவருக்குத் தேவையே இல்லாத கேள்வி அது.

காலையில் எடுத்த மாதிரியை ஐஸ் பெட்டியில் போட்டு வைத்தார்கள். மாலை வண்டியில்தான் தலைமைக் கூடத்துக்குப் போகுமாம். ரிப்போர்ட்டில் 'டிரைக்கோமோனாஸ் காணப்படவில்லை' என்று வந்தது. எப்படிக் காணப்படும்? ஸ்லைடில் இந்த உயிரி நெளிவதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். குளிர்ந்தால் அசைவு நின்றுவிடும். பிறகு வெள்ளணுவுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. எடுத்த சூட்டோடு பார்த்தாலே நோயுள்ள 100 பேரில் 44 முதல் 68 பேரைத்தான் இந்த முறை காட்டிக்கொடுக்கும்.

எரிச்சல் தாளாமல் அரசு மருத்துவமனையில் பால்வினை நோய்களைப் பார்க்கும் சுகவாழ்வு மையத்துக்குப் போனேன். ஆலோசகர் கதவைச் சாத்திவிட்டு, "உட்காருங்கம்மா" என்றார். பாதிப் பயம் அங்கேயே போனது. மாதிரி எடுத்ததும் ஒரு சொட்டு உப்புநீரில் கலந்து, அடுத்த அறையிலேயே மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். டெக்னீசியன் என்னையும் பார்க்கச் சொன்னார். பேரிக்காய் வடிவத்தில் ஒன்று, அசையாத அணுக்களுக்கு நடுவே துடித்துத் துடித்து நகர்ந்தது. நோய் உறுதியானதற்காக நான் அழவில்லை. நான் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்ததற்காக அழுதேன். எச்ஐவி, சிபிலிஸுக்கும் ரத்தம் எடுத்தார்கள். செலவே இல்லை.

பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன், ஸ்லைடை எங்கே, எப்போது பார்ப்பார்கள் என்று கேளுங்கள். வெளியே அனுப்புவதாக இருந்தால், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். அது இறந்த கிருமியையும் கண்டுபிடிக்கும். பரிசோதனைக்கு முந்தின நாள், பிறப்புறுப்புக்குள் வைக்கும் மாத்திரை எதையும் பயன்படுத்தாதீர்கள்.

"எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று கணவர் மறுத்தார். ஆண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே தெரியாது என்று ஆலோசகர் பொறுமையாகப் பேசிய பிறகுதான் மாத்திரை போட்டார். எனக்கு மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 7 நாள். இருவருக்கும் சிகிச்சை முடிந்து அறிகுறிகள் அடங்கும்வரை உறவு கூடாது. 3 மாதத்தில் மறுபரிசோதனை உண்டு. மருந்து முடிந்த கையோடு பிசிஆருக்கு ஓடாதீர்கள். செத்த கிருமியின் மிச்சத்தையும் நோய் என்று காட்டிவிடும்.