மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து பண்டாரவன்னியன் வரை

இன்று காலை வவுனியா ரவுணை நடந்து பார்த்தோம். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர்தான் வழிகாட்டி. ஒன்பது பேர், அதில் நாலு பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தொடங்கினோம். கடைத்தெருவைச் சீக்கிரம் கடந்துவிட்டோம், சனம் அவ்வளவு.

நின்று நிதானமாகக் கேட்டது, வடக்கே வன்னிப் பகுதியை ஆண்ட கடைசி மன்னன் பண்டாரவன்னியனின் சிலையடியில்தான். எத்தனை வருசமாகப் பஸ்ஸுக்குள் இருந்தபடி பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன்! கிட்ட நின்று அண்ணாந்து பார்த்தது இன்றுதான்.

மாஸ்டர் குடையை மடக்கி, அதன் நுனியால் மண்ணில் வன்னியைக் கீறிக் காட்டினார். 1803 ஆகஸ்டில் முல்லைத்தீவில் இருந்த வெள்ளைக்காரரின் கோட்டையைப் பண்டாரவன்னியன் பிடித்தது இங்கே என்று ஒரு புள்ளி. ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடுவில் இன்னொரு புள்ளி. அதே வருசம் ஒக்டோபர் 31ஆம் திகதி வெள்ளைக்காரரின் படையைச் சேர்ந்த கப்டன் வொன் டிறிபேர்க் அவரைத் தோற்கடித்ததாக அங்கே ஆங்கிலத்தில் கல்வெட்டு நட்டார்கள்.

ஒரு சின்னப்பிள்ளை கேட்டாள், "அப்ப தோத்தவருக்கு ஏன் மாஸ்டர் சிலை?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் கல்லை நட்டது வெண்டவன், பிள்ளை. இந்தச் சிலையை வைச்சது நாங்கள்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அடுத்த மாதம் கற்சிலைமடுவுக்குப் போகிறோம். வர விருப்பமானவர்கள் சொல்லுங்கள். பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், தண்ணிப் போத்தலும் தொப்பியும் மறக்க வேண்டாம்.