டிக்கெட் குறைந்தால் அப்ரைசல் என்னாகும்?

ஐடி புகார்களை 'டிக்கெட்'டாகப் பதிவு செய்து தீர்த்து வைக்கும் சர்வீஸ் டெஸ்க்கில் சேரும் பிள்ளைகள் சீக்கிரமே கேட்டுவிடுவார்கள்: "ப்ரோ, இதுல அடுத்து என்ன?" எல்1, எல்2, எல்3 என்று, முதல் கட்ட உதவியிலிருந்து நிபுணர் வரை, ஹெச்ஆர் ஏற்கெனவே ஏணி போட்டுக் காட்டியிருப்பார். சர்வர், நெட்வொர்க், டேட்டாபேஸ் என்று ஏதாவது ஒன்றில் ஆழ இறங்குகிறவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு வழி பக்கவாட்டில்தான்: இன்சிடென்ட், சேஞ்ச் (சிஸ்டத்தில் செய்யும் மாற்றங்கள்), பிராப்ளம் இவற்றை மேனேஜ் செய்யும் வேலைகள், பிறகு சர்வீஸ் டெலிவரி மேனேஜர்.

இந்தப் பக்கம் வந்தால் "டெக்னிக்கலா ஒண்ணும் தெரியாது, எல்லாரையும் எழுப்பி விடுற வேலை" என்று கேலி செய்வார்கள். நடுராத்திரி பி1 பிரிட்ஜ் காலில், அதாவது மிக அவசரக் கோளாறுக்காக எல்லா டீமும் சேரும் போன் காலில், ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும். "நெட்வொர்க்ல பிரச்சினை இல்ல", "டேட்டாபேஸ்ல பிரச்சினை இல்ல" என்று ஒவ்வொரு டீமும் கழன்றுகொண்டிருக்கும்போது, "சாயங்காலம் என்ன சேஞ்ச் போச்சு? பேக்அவுட் பிளான் (பழைய நிலைக்குத் திரும்பும் வழி) இருக்கா?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். கிளையன்ட் காதில் விழ அதைப் பதறாமல் கேட்பது லேசான காரியமில்லை.

எனக்குப் பிடித்தது பிராப்ளம் மேனேஜ்மென்ட்தான். ஆனால் அதற்குத்தான் ஆள் கிடைக்காது. இன்சிடென்டில் சேவையை மீட்டால் போதும். பிராப்ளத்தில் காரணத்தைத் தோண்ட வேண்டும். ஐடிஐஎல் (ஐடி சேவையை நிர்வகிக்கும் வழிமுறைகள்) படித்த எல்லோருக்கும் இது மனப்பாடம். டாஷ்போர்டு மதிப்பதோ முதலாவதை மட்டும்.

எங்கள் டீமில் ஒரு பெண் இருந்தாள். மாதக் கடைசியில் ஒரு பில்லிங் பேட்ச் ஜாப் (பில் வேலையை மொத்தமாகச் செய்யும் புரோகிராம்) பாதியில் விழும். ரீஸ்டார்ட் செய்தால் ஓடிவிடும். ஒவ்வொரு டிக்கெட்டும் எஸ்எல்ஏவுக்குள், அதாவது ஒப்புக்கொண்ட கெடுவுக்குள், மூடப்பட்டதால் ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. அவள் பழைய டிக்கெட்டுகளை எக்ஸெலில் இறக்கி, தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தாள். அந்த சர்வரில் லாக் ஃபைல்களைச் சுழற்றி அழிக்கும் ஏற்பாடே இல்லை. மாதக் கடைசியில் லோடு ஏறும்போது டிஸ்க் நிரம்பிவிடும். ரீஸ்டார்ட் ஸ்கிரிப்ட் தற்காலிக ஃபைல்களைத் துடைப்பதால் அப்போதைக்கு இடம் கிடைக்கும். பிராப்ளம் ரெக்கார்டு போட்டு, மாற்றங்களைப் பரிசீலிக்கும் குழுவான சிஏபியில் சேஞ்சுக்கு ஒப்புதல் வாங்கி, அதைச் சரிசெய்ய வைத்தாள். டிக்கெட் வருவது நின்றது.

அப்ரைசலில் அவள் மூடிய டிக்கெட் எண்ணிக்கை குறைந்துபோனதுதான் முதலில் கண்ணில் பட்டது. "புரொடக்டிவிட்டி டவுன்" என்றார் மேனேஜர். வராமல் போன டிக்கெட்டை எந்தக் கட்டத்தில் காட்டுவது? பழைய மாதங்களின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்து, "சார், இது அவங்க செஞ்ச வேலையாலதான்" என்று வாதாட வேண்டியிருந்தது. ரேட்டிங் ஒரு படி ஏறியது. சம்பளம் பெரிதாக ஏறவில்லை.

சான்றிதழைப் பற்றியும் கேட்பார்கள். ஐடிஐஎல் 4, 2019-இல் வந்தது. அதன் ஃபவுண்டேஷன் தேர்வில் 40 கேள்விகள், 26 சரியாக இருந்தால் பாஸ். ரெஸ்யூமே வடிகட்டலைத் தாண்ட அது உதவும், எழுதிவிடுங்கள். 2023 முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்கிறார்கள். அந்தச் செலவைக் கம்பெனி தருமா என்று முன்கூட்டியே மெயிலில் கேட்டு வையுங்கள்.

அந்தப் பெண் இப்போது வேறு கம்பெனியில் பிராப்ளம் மேனேஜர். இன்டர்வியூவில் அவள் காட்டியது அந்த எக்ஸெல் கதையைத்தான். கிளையன்ட் டேட்டா எதையும் எடுத்துப் போகவில்லை. ஒயிட்போர்டில் வரைந்து விளக்கினாளாம்.