தெரிந்த சொல்தான் மாட்டிவிடுகிறது

"லெட்ஸ் டேபிள் தி மைக்ரேஷன் பிளான்" என்று அமெரிக்க கிளையன்ட் ஃபோன் காலில் சொன்னதும் டீம் சாட்டில் ஒரு கேள்வி வந்தது: "அண்ணா, எடுத்துப் பேசலாம்கிறாரா, தள்ளி வைக்கலாம்கிறாரா?" கேட்டது புதிதாகச் சேர்ந்த பெண். "கால்ல இதெல்லாம் கேக்காதம்மா. திங்கட்கிழமை பிளானைக் காட்டணும், அவ்வளவுதான்" என்றார் டீம் லீட். சனி, ஞாயிறு இரண்டும் ஸ்லைடு போடுவதில் போயின. திங்கட்கிழமை கிளையன்ட் கேட்டதோ டெஸ்டிங் ரிசல்ட்டை. அதை யாரும் தொடவே இல்லை.

லீடைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நமக்குப் பழகியது பிரிட்டிஷ் வழக்கு. நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கையை 'டேபிள்' செய்தார்கள் என்று ஆங்கிலப் பேப்பரில் வந்தால், தாக்கல் செய்தார்கள் என்றுதான் படிக்கிறோம். அமெரிக்காவில் அதே சொல்லுக்கு, இப்போதைக்குப் பேச்சை நிறுத்தி ஒதுக்கி வைப்பது என்று பொருள். சொல் தெரியாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார்கள். 'பாயில் தி ஓஷன்' என்று கேட்டால் உடனே தேடிப் பார்க்கிறோம்; நடக்காத அளவுக்கு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வது என்று தெரிந்துவிடுகிறது. 'டேபிள்' என்றால் யாருக்கும் தேடத் தோன்றாது. 'மூட் பாயின்ட்' இன்னும் மோசம்: பிரிட்டனில் விவாதத்துக்கு இடமுள்ள விஷயம், அமெரிக்காவில் இனிப் பேசிப் பயனில்லாத விஷயம். 'மீட்டிங்கை ஃபார்வர்ட் பண்ணியாச்சு' என்றால் ஒரே டீமிலேயே சிலர் முன்கூட்டி வருவார்கள், சிலர் தாமதமாக வருவார்கள்.

ஆனாலும் அந்தக் 'கேக்காதம்மா' உறுத்துகிறது. சரியான இடத்தில் சந்தேகப்பட்டவள் அவள் ஒருத்திதான்.

காலிலேயே கேட்டிருந்தால் தீர்ந்திருக்குமா? அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது இதே சொல்லால் நடந்த தகராறை சர்ச்சில் தன் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிரிட்டிஷ் தளபதிகள் ஓர் அறிக்கையை அவசரமாக எடுத்துப் பேச 'டேபிள்' செய்யலாம் என்றார்கள். அமெரிக்கர்களுக்கு அது டிராயரில் போட்டு மறந்துவிடுவதாகக் கேட்டது. நெடுநேரம் கசப்பாக வாதாடிய பிறகே இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றுதான் என்று தெரிந்தது. ஆங்கிலம் தாய்மொழி, கேட்கக் கூச்சமும் இல்லை. அவர்களுக்கே அந்த நிலை.

அதனால் சொல்லுக்கு அர்த்தம் கேட்பதைவிட, செய்யப்போகும் வேலையைச் சொல்வது மேல். 'பேசலாமா, தள்ளி வைக்கலாமா?' என்று மெயில் போட்டால் 'சவுண்ட்ஸ் குட்' என்று பதில் வரும். எதற்கு என்று தெரியாது. கால் முடிந்த அரை மணி நேரத்துக்குள் மெயில் போக வேண்டும்: 'நீங்கள் சொல்லும்வரை மைக்ரேஷன் வேலையை நிறுத்துகிறோம். திங்கட்கிழமை டெஸ்டிங் ரிசல்ட் மட்டும் காட்டுவோம். மாற்றம் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள்.' இதில் மரபுத்தொடர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. 'பால்பார்க் ஃபிகர்', அதாவது தோராயமான மதிப்பு, கேட்டாலும் அப்படித்தான். 100 மணி நேரம் என்று ஒற்றை எண்ணை எழுதினால் அதுவே வாக்குறுதியாகிவிடும். தொடக்க மதிப்பீட்டுக்கு பிஎம்பாக் என்ற திட்ட மேலாண்மைக் கையேடு சொல்லும் வரம்பு 25 சதவீதம் குறைவிலிருந்து 75 சதவீதம் கூடுதல்வரை. ஆகவே 75 முதல் 175 மணி நேரம் என்று எழுதி, எந்தெந்த வேலை அதில் சேரவில்லை என்பதையும் கீழேயே போட்டுவிட வேண்டும்.